முழங்கால் உயரத் தீ மழைக்காட்டை எப்படிச் சாய்க்கிறது?

காட்டுத்தீ என்றதும் மரத்துக்கு மரம் உச்சியில் தாவி ஓடும் நெருப்புதான் நம் கண்முன் வருகிறது. அப்படிப்பட்ட படங்களில் பெரும்பாலானவை கலிபோர்னியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ எடுக்கப்பட்டவை. அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டே அமேசானையும் போர்னியோவையும் பற்றிப் பேசுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. "எல்லாம் சாம்பலாகிவிட்டது" என்று ஒரு தரப்பு. "தீ இயற்கைதானே, இரண்டு மழை பெய்தால் காடு தானாகத் துளிர்த்துவிடும்" என்று இன்னொரு தரப்பு. வெப்பமண்டல மழைக்காட்டைப் பொறுத்தவரை இரண்டுமே தவறு. அங்கே தீ அணைந்த மறுநாள் காடு பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். மரங்கள் சாவது அதற்குப் பிறகு.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டிய அவசரம் வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டில் மட்டும் வெப்பமண்டலத்தில் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் முதன்மைக் காடு, அதாவது மனிதர் வெட்டித் திருத்தாத பழங்காடு, அழிந்தது. விவசாயத்துக்காகக் காட்டை அழிப்பதே ஆண்டுதோறும் முதல் காரணமாக இருந்துவந்தது. செயற்கைக்கோள் கணக்கு தொடங்கிய பிறகு அந்த ஆண்டில்தான் முதன்முறையாகத் தீ முதலிடத்துக்கு வந்தது. அழிவில் ஏறக்குறைய பாதி அதன் கணக்கில் சேர்ந்தது.

பல்லுயிர் என்ற சொல் கட்டுரை முழுவதும் வரும். ஓரிடத்தில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது, அவை ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்ற மூன்றும் சேர்ந்ததே பல்லுயிர். மூன்றாவதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தீ ஆழமாகக் கைவைப்பது அதில்தான்.

எந்தக் காடு என்று முதலில் கேட்க வேண்டும்

வெப்பமண்டலக் காடு என்பது கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட காடுகளுக்கெல்லாம் பொதுவாகச் சொல்லும் பெயர். அதற்குள் தீயோடு பழகிய காடும் உண்டு, தீயையே அறியாத காடும் உண்டு. ஓரிடத்தில் தீ எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பருவத்தில், எவ்வளவு கடுமையாக, எவ்வளவு பரப்பில் வருகிறது என்ற நீண்டகாலப் போக்கைத் தீ ஒழுங்கு என்கிறோம். அந்த ஒழுங்குக்கு ஏற்பத்தான் அங்குள்ள உயிர்கள் அமைந்திருக்கும்.

பிரேசிலின் செராடோ என்ற சவானாவில், அதாவது புல்லும் மரமும் கலந்த வெளியில், மரங்களுக்குத் தக்கை போலத் தடித்த பட்டை இருக்கிறது. பல செடிகள் தம் உணவையும் மொட்டுகளையும் மண்ணுக்கு அடியில் வைத்துக்கொள்கின்றன. மேலே எரிந்தாலும் சில வாரங்களில் துளிர்த்துப் பூத்துவிடும். நம் முதுமலையின் வறண்ட இலையுதிர் காடும் தீயைப் பலமுறை பார்த்ததுதான். அங்கே 1988 முதல் 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுத் திடல் ஒன்றில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிட்டுக் கண்காணித்து வருகிறார்கள். அங்கு தேக்கும் கருமருதும் போன்ற வளர்ந்த மரங்கள் தரையோடு ஓடும் தீயைப் பெரும்பாலும் தாங்குகின்றன. மெல்லிய இளந்தண்டுகள் கருகினாலும் வேர்க்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கின்றன.

பசுமைமாறா மழைக்காட்டின் கதை வேறு. அங்கே மின்னல் விழும்போது கூடவே கனமழையும் கொட்டும் என்பதால் இயற்கையாகத் தீ பிடிப்பது மிக அரிது. அமேசானின் மண்ணில் பழைய கரித்துண்டுகள் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை காட்டுவது பல நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோன தீயை. அந்த இடைவெளியில் வாழ்ந்த மரத்துக்குத் தடித்த பட்டை வளர்த்துக்கொள்ளத் தேவையே ஏற்படவில்லை. ஆகவே "தீ காட்டுக்கு நல்லதா, கெட்டதா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்தக் காடு, எத்தனை ஆண்டு இடைவெளியில் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும். இனி இங்கே மழைக்காடு என்று எழுதுவதெல்லாம் பசுமைமாறாக் காட்டைப் பற்றியே.

ஈரக்காடு எப்படித் தீப்பிடிக்கும்?

தீக்கு மூன்று வேண்டும்: எரிபொருள், வறட்சி, பொறி. மழைக்காட்டில் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டு முழுவதும் இலை உதிர்ந்து தரையில் சருகாகப் படிகிறது. தடுத்து நிற்பது ஈரம் ஒன்றுதான்.

அந்த ஈரத்தைக் காப்பது விதானம். உயர மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி அமைக்கும் பச்சைக் கூரைக்கு அந்தப் பெயர். மேலே விழும் வெயிலில் ஒன்றிரண்டு சதவீதமே தரையைத் தொடுகிறது. காற்றும் உள்ளே புகாது. அதனால் வெளியே பல நாள் வெயில் அடித்தாலும் உள்ளே சருகு காய்வதில்லை. கிழக்கு அமேசானின் பராகோமினாஸ் பகுதியில் 1980களின் இறுதியில் செய்த அளவீடுகள் இதைத் துல்லியமாகக் காட்டின. கோடையில் மழை நின்ற மறுநாளே மேய்ச்சல் நிலம் எரியும் நிலைக்கு வந்துவிடுகிறது. மரம் வெட்டிய காட்டின் திறந்த இடங்களுக்கு ஐந்தாறு நாள் போதும். வெட்டிவிட்டபின் மீண்டும் வளர்ந்த இளங்காட்டுக்கு எட்டு முதல் பத்து நாள். கைபடாத காடோ ஒரு மாதத்துக்கு மேல் மழையில்லாமல் இருந்தும் எரியவில்லை.

அந்தக் காப்பு இரண்டு வழிகளில் உடைகிறது. முதலாவது கடும் வறட்சி. அமேசான் மரங்களின் வேர் எட்டு மீட்டருக்கும் கீழே இறங்கி நீர் எடுப்பதால்தான் கோடையிலும் அவை பச்சையாக நிற்கின்றன. பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறி, இந்தப் பகுதிகளில் மழை குறைவதை எல் நினோ என்கிறோம். 1982-83, 1997-98, 2015-16 போன்ற வலுவான எல் நினோ ஆண்டுகளில் அந்த ஆழத்து நீரும் வற்றுகிறது. உடனே மரங்கள் இலையை உதிர்க்கின்றன. உதிர்ந்த இலை கீழே எரிபொருளாகச் சேர்கிறது. மேலே விழுந்த ஓட்டை வழியாக வெயில் இறங்கி அதைக் காயவும் வைக்கிறது. இரண்டாவது, மனிதர் வெட்டும் வெட்டு. தேர்ந்தெடுத்துச் சில மரங்களை மட்டும் வெட்டினாலும், அவை சாயும்போது பக்கத்து மரங்களை முறிக்கின்றன. இழுத்துச் செல்லும் பாதைகள் விதானத்தைக் கிழிக்கின்றன. கழித்துப்போட்ட கிளைகள் அங்கேயே கிடந்து காய்கின்றன.

பொறி பெரும்பாலும் மனிதர் வைப்பதுதான். மேய்ச்சல் நிலத்தைப் புதுப்பிக்கவும், வெட்டிச் சாய்த்த காட்டைக் கழிக்கவும் வைக்கும் நெருப்பு, எல்லை தாண்டி நிற்கும் காட்டுக்குள் நுழைகிறது.

சுருக்கமாக: மழைக்காட்டின் கவசம் அதன் நிழல். நிழல் இருக்கும்வரை பொறி விழுந்தாலும் அணைந்துவிடும். வறட்சியோ கோடரியோ நிழலைக் கிழித்த பிறகு சிறு பொறியே போதும்.

சிறிய தீ, பெரிய சாவு

மழைக்காட்டுக்குள் முதன்முறை நுழையும் தீயைப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். சுடரின் உயரம் பெரும்பாலும் 10 முதல் 30 சென்டிமீட்டர், மிஞ்சினால் முழங்கால் அளவு. வேகம் நிமிடத்துக்குக் கால் மீட்டர் போல. தாண்டிக் குதித்து அப்பால் போய்விடலாம். இரவில் ஈரம் ஏறியதும் பல இடங்களில் தானாகவே அணைந்து, மறுநாள் உச்சிவெயிலில் கட்டைகளில் கனன்றுகொண்டிருந்த நெருப்பிலிருந்து மீண்டும் கிளம்பும். தரையில் கிடப்பதை மட்டும் எரித்துக்கொண்டு போகும் இதைத் தரைத்தீ என்கிறோம்.

இவ்வளவு சிறிய தீ 40 மீட்டர் மரத்தை எப்படிக் கொல்லும்? எரியும் விளக்கின் சுடரில் விரலைச் சட்டென்று வீசி எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. அதே சுடரில் விரலை நிறுத்தினால் கொப்பளித்துவிடும். சுடர் மாறவில்லை, அது தொட்டிருந்த நேரம்தான் மாறியது. மரத்துக்கும் இதுவே விதி. புல்வெளியில் ஆளுயரம் எரியும் தீ ஓட்டமாக ஓடிவிடுகிறது. மழைக்காட்டில் ஊர்ந்து செல்லும் தீ ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று நின்று போகிறது.

அந்த நேரத்தில் வெப்பம் பட்டையைத் துளைத்து உள்ளே போகிறது. பட்டைக்கு அடியில், மரத்தைச் சுற்றிலும் கேம்பியம் என்ற மெல்லிய உயிர்ப்படலம் இருக்கிறது. புதிய மரத்தையும் புதிய பட்டையையும் உருவாக்குவது அதுதான். அதன் வெப்பநிலை சுமார் 60 டிகிரி செல்சியஸை எட்டினால் செல்கள் செத்துவிடும். தண்டைச் சுற்றி முழு வளையமாகச் செத்தால், இலையில் செய்த உணவு வேருக்கு இறங்கும் வழி அடைபட்டுப்போகும்.

இங்கே ஒரு எளிய கணக்கு பல விஷயங்களை விளக்கிவிடும். வெப்பம் பட்டையைக் கடக்க எடுக்கும் நேரம் பட்டைத் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. தடிமன் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. தீயியல் வல்லுநர்கள் பயன்படுத்தும் தோராயச் சூத்திரப்படி, அரை சென்டிமீட்டர் பட்டை முக்கால் நிமிடம் தாங்கும், ஒரு சென்டிமீட்டர் பட்டை மூன்று நிமிடம், இரண்டு சென்டிமீட்டர் பட்டை பன்னிரண்டு நிமிடம். மழைக்காட்டு மரங்களில் கணிசமானவற்றின் பட்டை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அடியில் ஒரு விழுந்த கட்டை கனன்றுகொண்டிருந்தாலோ, அடிமரத்தைச் சுற்றிப் பலகை போல் நிற்கும் பலகை வேர்களின் இடுக்கில் சருகு குவிந்திருந்தாலோ மூன்று நிமிடம் என்பது ஒன்றுமே இல்லை.

அமேசானில் முதல் தீயிலேயே 10 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் சாவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒல்லி மரங்கள் முதலில் போகின்றன. பெருமரங்கள் தாங்கிவிட்டதாக முதல் ஆண்டில் தோன்றும். ஆனால் அடித்தண்டில் பாதி வளையம் செத்திருக்கும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சையும் பூச்சியும் நுழையும். அடுத்தடுத்த ஆண்டுகளில் காற்றடிக்கும்போது அவை சாயத் தொடங்கும். மத்திய அமேசானில் 1997-98 தீக்குப் பிறகு நடந்த தொடர் கண்காணிப்பில், 50 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரங்களின் சாவு மூன்றாம் ஆண்டு வரை ஏறிக்கொண்டே போனது தெரியவந்தது. தீ அணைந்த சில மாதங்களில் கணக்கெடுத்து "சேதம் குறைவு" என்று எழுதும் அறிக்கைகள் தவறிப்போவது இங்கேதான். எரிந்த அமேசான் காடுகளில் 31 ஆண்டு கழிந்த பிறகும் உயிர்ப்பொருளின் எடை, எரியாத காட்டைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருந்தது.

சுருக்கமாக: இந்தக் காட்டில் சுடரின் உயரத்தை வைத்துச் சேதத்தை மதிப்பிட முடியாது. தீ எவ்வளவு நேரம் நின்றது, பட்டை எவ்வளவு தடிமன் என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. சாவுக் கணக்கு முடிய ஆண்டுகள் ஆகும்.

விலங்குகள்: எரிந்து சாவதும் பிறகு இல்லாமல் போவதும்

ஓடவோ பறக்கவோ தெரிந்தவை முதலில் தப்பிக்கின்றன. சருகுக்குள் வாழும் தவளை, ஆமை, பாம்பு, மண்புழு, வண்டு ஆகியவற்றுக்கு அந்த வாய்ப்பில்லை. நேரடிச் சாவைக் கணக்கிடுவது கடினமான வேலை, ஏனெனில் சடலங்கள் விரைவில் மறைந்துவிடும். இருந்தும் 2020இல் பிரேசிலின் பந்தனால் எரிந்தபோது ஆய்வாளர்கள் எரிந்த நிலத்தில் நேர்க்கோடுகளில் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு சடலமும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்று அளந்தார்கள். அதிலிருந்து, முதுகெலும்புள்ள விலங்குகள் மட்டும் சுமார் 1.7 கோடி உடனடியாக மாண்டன என்று மதிப்பிட்டார்கள். அவற்றில் மிக அதிகம் சிறிய பாம்புகள். பந்தனால் காடு அல்ல, புல்லும் மரமும் கலந்த பெரும் ஈரநிலம். ஆயினும் செய்திப் படங்களில் வராத உயிர்களே அதிகம் சாகின்றன என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டியது.

மழைக்காட்டில் பெரிய இழப்பு தீக்குப் பிறகுதான். விதானம் திறந்ததும் தரை சூடாகிறது, ஈரம் போகிறது. நிழலடியில் மட்டுமே வாழத் தெரிந்த பறவைகள் முதலில் மறைகின்றன. அமேசானில் படைஎறும்புகள் கூட்டமாக நகரும்போது சருகிலிருந்து பதறி எழும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பதையே பிழைப்பாகக் கொண்ட பறவைகள் உண்டு. சருகு எரிந்தால் பூச்சி இல்லை. எறும்புக்கூட்டம் நலிந்தால் பறவையும் இல்லை. ஈரச் சருகில் முட்டையிடும் தவளைகளுக்கு முட்டை காய்ந்துவிடுகிறது. சாணவண்டுகள் குறைந்தால், குரங்கும் பன்றியும் கழித்த எச்சத்திலுள்ள விதைகளை மண்ணில் புதைப்பதற்கு ஆளில்லாமல் போகிறது.

பெருமரங்களின் சாவு இன்னொரு சங்கிலியை அறுக்கிறது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருவாச்சிகள் கூடு வைப்பது பருத்த மரங்களின் பொந்துகளில். அத்தகைய பொந்து உருவாக மரத்துக்கு நூறு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். மரம் விழுந்தால் பொந்தும் போகிறது, பொந்து போனால் இருவாச்சி வேறிடம் தேடுகிறது. பெரிய கொட்டையுள்ள பழங்களை விழுங்கித் தொலைவில் போடுவது ஆசியாவின் இருவாச்சி, அமேசானின் சிலந்திக் குரங்கு, பன்றி போன்ற உடலும் நீண்ட மூக்கும் கொண்ட தாப்பிர் போன்ற பெரிய உயிர்கள்தான். அவை இல்லாத இடத்தில் பெரிய விதையுள்ள மரம் தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்து வீணாகும். வௌவாலும் சிறு பறவையும் கொண்டுவரும் பொடி விதைகளிலிருந்து செக்ரோப்பியா, மக்கரங்கா போன்ற வெயில்விரும்பி மரங்கள் மட்டும் நிறைய முளைக்கும்.

புகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போர்னியோவின் புகைமூட்டக் காலங்களில் கிப்பன் குரங்குகள் காலையில் பாடுவது குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவை தம் எல்லையை அறிவிப்பதும் இணையோடு உறவைப் பேணுவதும் அந்தப் பாட்டால்தான். தீ தொடாத காட்டிலும் தீயின் விளைவு போய்ச் சேர்கிறது.

இன எண்ணிக்கை ஏமாற்றும்

எரிந்த காட்டில் ஐந்தாறு ஆண்டு கழித்துப் பறவை இனங்களை எண்ணினால், எண்ணிக்கை பெரிதாகக் குறைந்திருக்காமல் இருக்கலாம். சில இடங்களில் கூடியும் இருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டு "தீக்குப் பின் பல்லுயிர் மீண்டுவிட்டது" என்று சொல்வது பெரிய பிழை. திறந்த வெளியையும் புதர்க்காட்டையும் விரும்பும் இனங்கள் உள்ளே வந்திருக்கும். அவை வேறு எத்தனையோ இடங்களில் வாழக்கூடியவை. போனவையோ அடர்காட்டில் மட்டும் வாழக்கூடியவை. பட்டியலின் நீளம் அப்படியே இருக்க, பெயர்கள் மாறிவிடும். இதை இன மாற்றம் என்கிறார்கள். ஒரு காட்டின் நிலையைச் சொல்ல வேண்டுமென்றால் "எத்தனை" என்பதோடு "எவை" என்பதையும் எண்ண வேண்டும். 2001க்குப் பிறகு அமேசானில் தீ பட்ட மழைக்காட்டின் பரப்பு ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கு அழியும் ஆபத்திலுள்ள இனங்களில் முக்கால் பங்குக்கும் அதிகமானவற்றின் வாழிடத்தை அது தொட்டிருக்கலாம் என்று 2021இல் வெளியான ஒரு ஆய்வு கணித்தது.

இரண்டாவது தீதான் காட்டை மாற்றுகிறது

ஒருமுறை எரிந்த காடு மீள முடியும். மெதுவாக, ஆனால் முடியும். கவலைப்பட வேண்டியது இரண்டாவது தீக்குத்தான்.

முதல் தீயில் செத்த மரங்கள் கிளையும் தண்டுமாகத் தரையில் விழுந்து எரிபொருளைப் பெருக்குகின்றன. அவை விட்டுப்போன இடைவெளியில் வெயிலும் காற்றும் புகுந்து எல்லாவற்றையும் உலர்த்துகின்றன. முன்பு ஒரு மாத வறட்சிக்கும் அசையாத காடு இப்போது சில நாள் வெயிலிலேயே எரியத் தயாராகிவிடுகிறது. இப்படி ஒரு விளைவு தன் காரணத்தையே மேலும் வலுவாக்குவதைப் பின்னூட்டம் என்கிறோம். இரண்டாவது தீயின் சுடர் உயரம், வேகம் இரண்டும் கூடுதல். பருத்த பட்டை என்ற சலுகை அப்போது பெருமரங்களுக்கும் உதவுவதில்லை. சிறியது பெரியது பாராமல் சாகின்றன.

இதில் கவனிக்காமல் விடப்படும் ஒன்று விதை. வறண்ட நாட்டுச் செடிகள் பலவற்றின் விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். மழைக்காட்டின் பெருமரங்களின் விதைகள் பெரும்பாலும் விழுந்த சில நாள்களிலோ வாரங்களிலோ முளைத்தாக வேண்டும். மண்ணுக்குள் அவற்றுக்குச் சேமிப்பு கிடையாது. அடுத்த தலைமுறை முழங்கால் உயர நாற்றுகளாக நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்து நிற்கிறது. தரைத்தீ முதலில் எரிப்பது அந்த நாற்றுகளை. இரண்டாவது தீ, முதல் தீக்குப்பின் முளைத்தவற்றையும் எரித்துவிடும். அதற்குள் தாய்மரங்களும் குறைந்து, விதை பரப்பும் விலங்குகளும் விலகியிருக்கும்.

எவ்வளவு இடைவெளியில் எரிந்தால் என்ன ஆகும் என்பதை அறிய பிரேசிலின் மாத்தோ குரோசோ மாநிலத்தில் 2004 முதல் 2010 வரை வேண்டுமென்றே தீ வைத்து ஒரு சோதனை நடந்தது. 50 ஹெக்டேர் அளவில் மூன்று திடல்கள்: ஒன்று எரிக்காமல் விட்டது, ஒன்று மூன்றாண்டுக்கு ஒருமுறை எரித்தது, ஒன்று ஏறக்குறைய ஆண்டுதோறும் எரித்தது. முதல் சில ஆண்டுகளில் காடு நன்றாகவே தாக்குப்பிடித்தது. 2007இல் கடும் வறட்சி வந்தபோது எரிந்த தீயில் மரச்சாவு திடீரென்று பல மடங்கு ஏறியது. ஆண்டுதோறும் எரித்த திடலைவிட மூன்றாண்டு இடைவெளி விட்ட திடலில் தீ கடுமையாக இருந்தது, ஏனெனில் அங்கே சருகு சேர நேரம் கிடைத்திருந்தது. தீயும் வறட்சியும் தனித்தனியே வந்தால் தாங்கும் காடு, இரண்டும் ஒரே ஆண்டில் சேர்ந்தால் தாங்குவதில்லை. காட்டின் ஓரங்களில் மேய்ச்சல் நிலத்துப் புற்கள் உள்ளே ஏறின. புல் வந்துவிட்டால் ஆட்டமே மாறிவிடும். அது சருகைவிட வேகமாகக் காயும், உயரமாக எரியும், எரிந்தபின் வேரிலிருந்து முதலில் துளிர்க்கும். போர்னியோவில் பலமுறை எரிந்த காட்டு நிலங்களில் அலாங் அலாங் என்ற புல் பரவி அப்படியே நிலைத்துவிட்டது.

நீர் சூழ்ந்த காடும் தப்பவில்லை. அமேசானின் துணையாறான நெக்ரோவின் கரிய நீர் ஆண்டில் பல மாதம் மூழ்கடிக்கும் இகாப்போ காடுகளில் மண்ணின் மேல் வேர்ப்பாய் ஒன்று படர்ந்திருக்கும். நீர் வடிந்த வறட்சியில் அந்தப் பாய் கனன்று எரிய, மரங்கள் பிடிமானம் இழக்கின்றன. பிறகு வரும் வெள்ளங்கள் நுண்மண்ணை அரித்துச் செல்ல, கீழிருக்கும் மணல் மிஞ்சுகிறது. அங்கே இப்போது வெண்மணல் சவானா விரிகிறது.

மண்ணே எரியும்போது

நீர் தேங்கிய இடங்களில் இலையும் வேரும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான மண் கரிமண். இந்தோனேசியாவின் கரிமண் சதுப்புக் காடுகளில் அதன் ஆழம் பல மீட்டர். நனைந்திருக்கும்வரை அது எரியாது. 1996இல் போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதியிலுள்ள மத்திய களிமந்தானில் நெல் பயிரிடும் பெருந்திட்டம் ஒன்று தொடங்கி, சுமார் 10 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நீர் வடிந்தது. அடுத்த ஆண்டே எல் நினோ வந்தது.

கரிமண் சுடர் விடாமல் உள்ளுக்குள் கனன்று எரியும். மேலே அணைத்துவிட்டதாக நினைத்து நகர்ந்த பிறகு, பல மீட்டர் தள்ளி மீண்டும் வெளியே வரும். வேர்கள் அடியில் கருகிப்போவதால் பச்சை மரம் அப்படியே சாய்கிறது. 1997இல் அங்கே எரிந்துபோன கரிமண்ணின் சராசரி ஆழம் சுமார் அரை மீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். கரிமண் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். அந்த அரை மீட்டர் 250 முதல் 500 ஆண்டுச் சேமிப்பு, ஒரே பருவத்தில் போனது. அந்த ஆண்டு இந்தோனேசியக் காட்டுத்தீயும் கரிமண் தீயும் சேர்ந்து வெளிவிட்ட கரிமம் (கார்பன்), உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து வெளிவிட்டதில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள்.

சாம்பல் உரம் ஆகாதா?

ஆகும், ஒரு பருவத்துக்கு. மழைக்காட்டில் சத்தின் பெரும்பகுதி மண்ணில் இல்லை, மரத்திலும் இலையிலும் இருக்கிறது. எரியும்போது நைட்ரஜன் காற்றோடு போய்விடுகிறது. பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் சாம்பலில் தங்குகின்றன. அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள மேல்வேரும் வேர்ப்பூஞ்சையும் வேண்டும், தீயில் அவையும் குறைந்திருக்கும். முதல் கனமழை சாம்பலை ஓடைக்குக் கொண்டுபோய்விடும். அங்கே அது மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் தொல்லை.

தீயை அடியோடு தடுப்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது

மழைக்காட்டின் பாடத்தைச் சவானாவில் பொருத்தினால் வேறொரு கேடு வரும். செராடோவில் தீயைப் பல ஆண்டு தடுத்துவைத்த இடங்களில் மரங்கள் அடர்ந்து காடாக மூடிக்கொண்டன. கரிமச் சேமிப்பு கூடியது. ஆனால் தாவர இனங்கள் 27 சதவீதமும் எறும்பு இனங்கள் 35 சதவீதமும் குறைந்தன. வெயில் தேவைப்படும் பூண்டுகளும் புற்களும் நிழலில் மடிந்துவிட்டன. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் மக்கள் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்கு மெல்லிய தீ வைத்துவந்தார்கள். அது தடைசெய்யப்பட்ட பிறகே உண்ணிச்செடி (லாண்டானா என்ற அயல்நாட்டுப் புதர்) இவ்வளவு அடர்ந்தது என்று அவர்கள் சொல்லிவருகிறார்கள். உண்ணிப்புதர் இன்று எரியும்போது தீ முன்னிலும் உயரமாகவும் சூடாகவும் எழுகிறது. இந்தக் காடுகளைத் தெரிந்தவர்களின் பேச்சைக் கேட்காமல் ஒரே சட்டத்தை எல்லா மலைக்கும் விரிப்பது சரியல்ல.

களத்தில் என்ன செய்யலாம், எங்கே தவறுகிறது

மழைக்காட்டின் தரைத்தீயை நிறுத்தத் தண்ணீர்தான் வேண்டும் என்பதில்லை. தீயின் பாதையில் ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்குச் சருகை மண் தெரியும்வரை கூட்டித் தள்ளினாலே பல இடங்களில் நின்றுவிடும். இதைத் தீத்தடுப்புக் கோடு என்பார்கள். இது தோற்பது பெரும்பாலும் மூன்று காரணங்களால். வறட்சியில் இலை தினமும் உதிர்வதால் இன்று கூட்டிய கோடு சில நாளில் மூடிக்கொள்ளும், திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும். கருகிய மரம் கோட்டின் குறுக்கே விழுந்து தீயை அந்தப் பக்கம் கடத்தும். வேர்ப்பாயும் கரிமண்ணும் உள்ள இடத்தில் தீ கோட்டுக்கு அடியிலேயே புகுந்துவிடும்.

கரிமண்ணில் வேலை தீக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கால்வாய்களுக்குக் குறுக்கே அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்துவதே வழி. இந்தோனேசியாவின் 2016ஆம் ஆண்டு விதிப்படி கரிமண் தோட்டங்களில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது.

எரிந்தபின் செய்யும் முதல் தவறு, கருகிய மரங்களை "எப்படியும் சாகும்" என்று வெட்டி எடுப்பது. அவற்றில் கணிசமானவை உயிரோடிருக்கும், நிழலும் விதையும் தரும். இழுக்கும் இயந்திரங்கள் புதிதாக முளைத்த நாற்றுகளையும் நசுக்கும். இரண்டாவது தவறு, ஆள்பலம் முழுவதையும் எரியாத காட்டைக் காக்க அனுப்பிவிட்டு, ஒருமுறை எரிந்த காட்டைக் கைவிடுவது. அடுத்த பத்தாண்டில் மிக எளிதாகத் தீப்பிடிக்கக்கூடியதும், காப்பாற்றினால் மீளக்கூடியதும் அதுதான். அதன் ஓரத்தில் புல் ஏறாமல் பார்த்துக்கொள்வதும், பக்கத்து நிலங்களில் எரிப்பதை முதல் மழை வரும்வரை தள்ளிவைக்கச் சொல்லி ஏற்பாடு செய்வதும் நடவு செய்வதைவிட முதன்மையான வேலைகள். புல் முற்றாக மூடிவிட்ட இடத்தில் மட்டுமே, வேகமாக நிழல் தரும் உள்ளூர் மரங்களை முதலில் நட்டு, நிழல் கூடியபின் பெருவிதை மரங்களை இடையில் நடலாம்.

சேதத்தை அளப்பவர்கள் எரிந்த பகுதியோடு பக்கத்தில் எரியாத பகுதியிலும் திடல் போட வேண்டும். இல்லாவிட்டால் வறட்சியால் செத்த மரத்தையும் தீயால் செத்த மரத்தையும் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு அடித்து, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். பலகை வேர் அந்த உயரத்தைத் தாண்டியிருந்தால் அது முடியும் இடத்துக்கு மேலே அளந்து, அளந்த உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடித்தண்டில் கரி ஏறிய உயரம், பட்டை உரிந்த பக்கம் ஆகியவற்றையும் பதியலாம். ஒரே ஒரு முறை எண்ணிவிட்டு நிறுத்தாமல் முதலாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் அதற்குப் பிறகும் அதே மரங்களுக்குத் திரும்பி வரவேண்டும்.